அரைப் புள்ளி

மடிக்கணினியில் சென்னை
சிவப்பு, பச்சை, ஊதாக் கோடுகளாய்க் கிடக்கிறது.
மெட்ரோ நிற்கும் இடமெல்லாம் புள்ளி.

கடியாபட்டியில் மின்சாரம் போய் இருபது நிமிடம்.
கைப்பேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து
உமையாள் டோக்கியோவோடு பேசுகிறாள்:
கடன் வட்டியில் அரைப் புள்ளி ஏற்றினால்
முப்பதாம் வருடம்
ஆலந்தூரில் ஏறுகிறவன் தலையில் நாலு ரூபாய்.
முடியாது.

அந்த நேரம் பார்த்து
கோயில் காரியக்காரர் சாத்தையா, கக்கத்தில் பேரேடு,
புள்ளி வரி வாங்க வந்து நிற்கிறார்.
தாலி கட்டிய இருவர் சேர்ந்து ஒரு புள்ளி.
விரல் பெயரைத் தேடிப் பிடிக்கிறது.
"அண்ணன் தவறி ஆறு வருஷம் இருக்குமா?
ஆச்சிக்கு இனி அரைப் புள்ளிதான்.
பாதி கட்டினாப் போதும்."

சலுகையாகத்தான் சொல்கிறார்.
குரல்கூட இளகியிருக்கிறது.

டோக்கியோவில் யாரோ இருமுகிறார்கள்.
அவள் ஒலியை அடைத்துவிட்டு
முழு வரியையும் எண்ணி வைக்கிறாள்.
"மிச்சத்தை எந்தப் பத்தியிலே எழுத?"
காரியக்காரர் பேனா மூடியைக் கடிக்கிறார்.
"யோசிச்சு வைங்க" என்று
ஒலியைத் திறக்கிறாள்.

"அரைப் புள்ளிதானே என்கிறீர்கள்.
அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்."

மூன்று மணிக்கு
கால் புள்ளிக்கு இறங்கி வந்தார்கள்.
அதற்கும் மாட்டேன் என்றாள்.