வண்டி எடை கழித்து

பாகாவ் தாண்டி, தண்டவாளம் தாண்டி
மூன்றாவது வளைவில் செம்பனை ஆலை.
எடைமேடைக் கூண்டில் நான்.
லோரி ஏறும். எண் நடுங்கும். நிற்கும்.
குலை கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்ப ஏறும்.
இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான்
ஹாஜி ரம்லி மகளின் காலேஜ் கட்டணம்,
லிம் ஆ செங் கட்டப்போகும் பல்.

போன மாதம் ஒரு பாரம் வந்தது,
லோரியில் இல்லை, மின்னஞ்சலில்.
கடலுக்கு அந்தப் பக்கம் இருபத்தேழு நாடுகள்
ஒரே வாயால் கேட்டிருந்தன:
இந்தப் பழம் எந்த மண்ணில் காய்த்தது?
மூலைக்கு மூலை சொல்.
புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்.

இருபத்தேழு பேர் ஒரே கேள்வி கேட்க
எத்தனை வருஷம் உட்கார்ந்து பேசினார்களோ!
எங்கள் கூட்டுறவில் ஏழே பேர்.
ஒரு லோரி வாங்க நான்கு வருஷம்.
டயர் தேய்ந்தால் யார் செலவு என்பதில்
ஒரு தீபாவளியும் ஒரு சீனப் பெருநாளும் கசந்தன.
கடைசியில் சேர்த்து வைத்தது பாசம் இல்லை,
தரகர்.
தனித்தனியாய்ப் போனவர்களிடம்
டன்னுக்கு நாற்பது வெள்ளி குறைத்தார்.
கையெழுத்துப் போட்ட அன்று
யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.
மெய்யரசி மைலோ கலக்கிக் கொடுத்தாள்,
சீனி போட மறந்து.

வருஷத்துக்கு ஒரு முறை
இரும்புக் கட்டிகளோடு அதிகாரி வருவார்.
மேடையில் அடுக்கி, பார்த்து, முத்திரை வைப்பார்.
இங்கே ஒரு கிலோ என்றால்
ரோட்டர்டாம் துறைமுகத்திலும் அதே ஒரு கிலோ.
கொடி, கீதம், கைகுலுக்கல் எல்லாம் அப்புறம்.
கிலோவில் சண்டை இல்லாத இடத்தில்தான்
மற்ற சண்டைகளைத் தொடங்கவே முடியும்.

மூலை தேடிப் போனேன்.
கையில் போன், முன்னால் பாம்புக்குக் கழியோடு ஷோஃபிகுல்.
அங்கப்பனுக்கும் லிம்முக்கும்
பன்னிரண்டு வருஷ வாய்க்கால் வழக்கு.
செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னது:
வாய்க்கால் இவருடையதும் இல்லை,
அவருடையதும் இல்லை.
இருவரும் என் போனையே முறைத்தார்கள்.
பிறகு லிம் சிரித்தார்.
அங்கப்பன் சிரிக்கவில்லை,
ஆனால் சிகரெட் நீட்டினார்.

திரும்பும்போது ஷோஃபிகுல்
தோட்டத்தில் கற்ற தமிழில் கேட்டான்:
"அக்கா, பழத்துக்கு எல்லாம் பேப்பர் இருக்கு, இல்ல?"
"இருக்கு."
"எனக்கு ஆகஸ்ட்ல முடியுது."
அதற்கு எந்தப் பக்கத்தில் டிக் போடுவது என்று
பாரத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
தொழிலாளர் பற்றி ஒரு கட்டம் இருந்தது.
ஆம். இல்லை.

அந்த வாரம் நீரிணைக்கு அப்பாலிருந்து புகை.
பள்ளிக்கூடம் மூடினார்கள்.
கூண்டின் கண்ணாடிக்குப் பின்னாலும் கண் எரிந்தது.
எதிர்வீட்டு அடுப்பை நாம் அணைக்க முடியாது,
எதிர்வீட்டோடு பேசாமலும் இருக்க முடியாது.
அதற்குத்தான் வருஷா வருஷம் மாநாடு போலும்.

வங்கி கொடுத்த நாள்காட்டியில்
அப்படி ஒரு மாநாட்டுப் படம்.
வரிசையாய் நின்று, கைகளைக் குறுக்கே போட்டு,
பக்கத்தவர் கையைப் பிடித்திருக்கிறார்கள் தலைவர்கள்.
சாப்பாட்டு நேரத்தில்
மெய்யரசியோடும் ஷோஃபிகுலோடும் நின்று பார்த்தேன்.
அப்படிப் பிடித்தால்
யாரும் யாரையும் அறைய முடியாது.
சொந்த மூக்கையும் சொறிய முடியாது.
மெய்யரசிக்குத் தும்மல் வந்தது,
மூவருமே ஆடிப்போனோம்.

பாரத்தின் கடைசிக் கட்டம்: வேறு குறிப்பு.
தட்டினேன்:
வாய்க்கால் யாருக்கும் சொந்தமில்லை,
தண்ணீர் இரண்டு பக்கமும் போகிறது.
படித்துப் பார்த்து அழித்தேன்.
'ஒன்றுமில்லை' என்று போட்டு அனுப்பினேன்.

ஹார்ன் அடிக்கிறது அடுத்த லோரி.
எண் நடுங்குகிறது.
இன்னும் நிற்கவில்லை.