பத்தொன்பதாம் நாள்

தவறணை ரோட்டை விட்டு
ஆஸ்பத்திரிப் பக்கம் சுற்றி
கல்லடிப் பாலத்தில் ஓட்டோவை ஏற்றுகிறேன்.
பெற்றோல் நட்டம்தான்.

எனக்குள் ஒரு அப்புக்காத்து இருக்கிறான்.
'காற்போத்தல்தானே, இண்டைக்கு மட்டும்.'
மழையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்,
கிடைக்காத சவாரியை,
யோகவதி காலையில் பேசாமல் போனதை.
எல்லாரும் அவன் பக்கம்தான் சாட்சி சொல்லுகினம்.

எதிர்வழக்குப் பேச எனக்கு வராது.
பாலத்து விளக்குக் கம்பங்களை எண்ணுகிறேன்.
ஏழாவதில் அவனுக்குத் தொண்டை காய்கிறது,
பதினொன்றில்
எனக்கும்.

காத்தான்குடியில் நிறுத்தி
மஸ்கட் அரைக்கிலோ.
வீட்டுக்கெண்டுதான் வாங்கினது.

ஆரையம்பதிச் சந்தி வருமுன்
பொட்டலம் காலி.
ஹாண்டிலெல்லாம் நெய்.
வாய் திகட்டுது, கை இன்னும் தாளைத் தடவுது.

பின்சீற்றில்
கால்மேல் கால் போட்டிருக்கிறவன்
'சரி,' என்கிறான்,
'நாளைக்குத் தவணை.'