இரண்டு ரசீதுக்கு ஒரு கைநாட்டு

தேவகோட்டை ராம்நகர் கிளை.
மதியம் இரண்டேகால், மின்சாரம் இல்லை.
இன்வெர்ட்டர் முனகலில் இரண்டு ரசீதுகளைத் திறந்தேன்.
ஒன்றில் சங்கிலி ஐந்து பவுன்.
மற்றதில் மூன்று.
அடியில் இரண்டுக்கும்
எழுத்துக்கு எழுத்து அதே முப்பத்திரண்டு.
கணினி இரண்டுக்கும் பச்சை காட்டியது.

முத்துராக்கு கண்டதேவியிலிருந்து வந்திருந்தாள்.
அவளிடம் இருந்தது வெப்பத்தாள் ரசீது;
ஆறு மாதத்தில் வெளுத்து
வழவழப்பு மட்டும் மிச்சம்.
"அஞ்சுன்னுதான் வாசிச்சுக் காட்டுனாக" என்றாள்.
வாசித்ததில் பொய்யில்லை.

மேலாளர் வயிரவன் நம்பவில்லை.
"ரேகை எப்படிம்மா ஒன்னாகும்?"
எப்படி ஆகாமல் இருக்கும்?
நகரத்தார் அத்தனை பேரும்
ஒன்பது கோயிலுக்குள் அடங்கவில்லையா,
பெண் பேசுமுன் கோயிலைக் கேட்பது அதனால்தானே.
இங்கே கோயில்கள் எண்ணி மாளாது;
ஆனாலும் அதற்கொரு முடிவு உண்டு.
தாள்களுக்கு இல்லை.

கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஒருவர் வைத்த கைநாட்டுக்கு
இன்னொரு விரல் தேடுவது இன்றும் ஆகாத காரியம்.
இரண்டு விரலையும் நீயே செய்தால்
காப்பி ஆறும் நேரம் போதும்.
சேவுகமூர்த்தி செய்தது அதைத்தான்:
ஒரே கோப்புக்குள் இரண்டு படம்,
எதைக் காட்டுவதென்று சொல்ல
நூற்றிருபத்தெட்டு பைட் குப்பை,
அதில் சில பிட் மட்டும் புரட்டி.
ஐந்தைக் காட்டி ஒப்பம் வாங்கி
மூன்றை உள்ளே வைத்தான்.
பூட்டை அவன் தொடவே இல்லை.

இந்தப் பூட்டு இப்படித்தான் என்று
தெரிந்தவர்களுக்குத் தெரிந்து இருபது வருடம்.
'வேகமா ஓடுது, எதுக்கு மாத்தணும்'
பழைய கோப்பொன்றில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"அப்ப ரெண்டுலயும் இருக்கிறது என் ஒப்பமா?"
ஆமாம் என்பதைத் தவிர
நியாயமான பதில் கிடைக்கவில்லை எனக்கு.
பெட்டகத்துச் சங்கிலியைக் கொண்டுவந்தார்கள்.
உள்ளங்கையில் ஒருதரம் தூக்கிப் பார்த்து
மேசையில் வைத்துவிட்டாள்.
"இது என்னுது இல்ல."
அந்தச் சோதனையைக் குறிக்க
என் படிவத்தில் கட்டம் கிடையாது.

மாலை, அறிக்கையைப் பதிவேற்றச் சொன்னார்கள்.
ஏற்றினேன். பச்சை.
கீழே முப்பத்திரண்டு எழுத்து,
அதே பழைய எந்திரம் போட்டது.

மின்சாரம் வரக் காத்திருந்து
காரைக்குடி பஸ்ஸைத் தவறவிட்டு
பதினாறு பக்கத்தையும் அச்செடுத்தேன்.
பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் என் பெயர்.
பதினாறு ழகரமும்
பதினாறு விதமாக விழுந்தன.