எட்டு நாள் கடிகாரம்

துலூத்தில் நவம்பர் என்றால்
ஏரி எழுந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
வீட்டைச் சூடாக்கும் உலை நின்ற மூன்றாம் நாள்
ஓரின் பாக்கே நிலவறையிலிருந்து ஏறி வந்து
முந்நூற்றுத் தொண்ணூறு டாலர் ஆகும் என்றார்,
கையைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல்.
அதுவரைக்கும் இருக்கட்டும் என்று
ஒரு மின் ஹீட்டரை விட்டுப் போனார்.

விற்பதற்கு ஒன்றுதான் இருந்தது:
இரும்புத் தாது ஏற்றிய கப்பலொன்றிலிருந்து
கழற்றிய பித்தளைக் கடிகாரம்.
ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும்.
பன்னிரண்டு படம் எடுத்தேன்.
கண்ணாடியில் என் இரவு உடை தெரிந்த ஒன்றை நீக்கிப்
பதினொன்றை ஏற்றினேன்.
விளக்கத்தில் எழுதினேன்: ஓடுகிறது. சாவியும் உண்டு.

ஏழு நாள் ஏலம்.
ஆறு நாளும் முப்பத்தொரு டாலரில் படுத்திருந்தது விலை.
இருபத்தேழு பேர் பார்க்கிறார்கள் என்றது திரை.
கடைவாசலில் நின்று காற்று வாங்குகிறவர்கள்.
கடைசி ஒன்பது நொடியில்
நானூற்றுப் பன்னிரண்டு!
சமையலறையில் தனியாகக் கை தட்டினேன்.

பணம் வந்துவிட்டது என்றது கடிதம்.
அதே கடிதத்தின் அடியில், பொடி எழுத்தில்,
வந்த பணம் இருபத்தொரு நாள் வராது என்றது.
சாமி கொடுத்துவிட்டார். பூசாரி யோசிக்கிறார்.
யோசிப்பதற்கும் கட்டணம்:
விற்றதற்கு ஒன்று, வாங்கித் தந்ததற்கு ஒன்று,
தபாலுக்கு நான் கொடுத்த காசின் மேலும் ஒன்று.
மீதித் தொகை சாம்பல் நிறத்தில் தெரிந்தது.
தொட்டால் அசையவில்லை,
உறைந்த ஏரிக்கு அடியில் மீன் மாதிரி.

பத்தொன்பதாம் நாள்
துல்சாவிலிருந்து டுவைட் மேப்ரி எழுதினார்,
ஒரே சொல்: ஓடவில்லை.
கூடவே ஒரு மங்கலான படம்,
நாலு பத்தில் நிற்கும் முள்.
எந்தப் படத்தில்தான் முள் ஓடியிருக்கிறது?

சாவி கொடுத்தீர்களா என்று கேட்டேன்.
கேட்டதை மிரட்டல் என்று பதிவு செய்தார்கள்.

உதவி எண்ணில் நாற்பது நிமிடம் புல்லாங்குழல்.
முதலில் வந்தவள் கெய்ட்லின். அடுத்து பிரைஸ்.
மூன்றாம் முறை மறுபடி கெய்ட்லின்,
ஆனால் அவளுக்கு என்னைத் தெரியவில்லை.
சிக்னே, உங்கள் கோபம் புரிகிறது என்றார்கள், மூன்று முறையும்.
நான் கோபப்பட்டிருக்கவே இல்லை, அப்போது.

பணம் துல்சாவுக்குத் திரும்பியது,
அன்றைக்கே, கண் மூடித் திறப்பதற்குள்.
திரும்பிப் போகிற பணத்துக்கு
யாரும் இருபத்தொரு நாள் சொல்வதில்லை.

திங்கட்கிழமை கடிகாரம் வந்தது.
தபால்காரர் பெட்டியை உடம்பை விட்டுத்
தள்ளிப் பிடித்திருந்தார்.
உள்ளே என்னம்மா, என்றார்.
அப்போதுதான் எனக்கும் கேட்டது.
அட்டைக்குள், பழைய துண்டுக்குள்,
ஓடாத கடிகாரம்
ஓடிக்கொண்டிருந்தது.

துல்சாவிலிருந்து தபால் ஐந்து நாள்.
இந்தக் கணக்குக்குக் காகிதம் வேண்டாம்:
யாரோ புதன்கிழமை சாவி கொடுத்திருக்கிறார்கள்.
அது ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.
பார்த்துவிட்டு, துண்டில் சுற்றியிருக்கிறார்கள்.

ஆதாரத்தை இணைக்கவும் என்ற கட்டத்தில்
படம் மட்டும்தான் போடலாம்.
டிக் டிக்குக்கு இடமில்லை.
மறுபடி புல்லாங்குழல். மறுபடி கெய்ட்லின்.
போனைக் கடிகாரத்தின் முகத்தோடு வைத்து
கேட்கிறதா, என்றேன்.
வழக்கு மூடியாகிவிட்டது, என்றாள்.
பிறகு, பக்கத்து நாற்காலிக்குத் தெரியாத குரலில்:
கேட்கிறது.

இரண்டு கோட்டுக்குள் உட்கார்ந்து
புதிய ஏலத்துக்கு விளக்கம் எழுதுகிறேன்.
ஓடுகிறது என்று எழுதி அழித்தேன்.
சாவி கொடுத்தால் ஓடும் என்று எழுதி
அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மேசை மேல் டுவைட் மேப்ரி கொடுத்த சாவி
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
வியாழன் வரை தாங்கும்.
அதற்குப் பிறகு
என் கைக்காசு.