விழுந்துச்சா?

கொருக்குப்பேட்டை கூட்ஸ் லைனுக்கு இந்தப் பக்கம்
யாருடையது என்று யாரும் கேட்காத நிலம்.
ஒன்பது இரும்புக் குழாய் நட்டிருக்கிறோம்.
ஒவ்வொன்றிலும் காசிமேட்டில் கழித்துப் போட்ட மீன்கூடை,
கூடைக்கு மேலே வளையம்,
வளையத்திலிருந்து தொங்கும் பழைய சைக்கிள் செயின்கள்.
தட்டை வீச வேண்டும்,
செயினில் மோதிக் கூடையில் விழ வேண்டும்.
குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தவர்.
ஆட்டம் அவ்வளவுதான்.

நிஜத் தட்டு ஒன்றே ஒன்று,
பௌசியாவின் மச்சான் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது.
மற்றதெல்லாம் பெயின்ட் வாளி மூடி,
விளிம்பில் டியூப் ரப்பர் ஒட்டி
எடை கூட்டியது.

ஸ்பீக்கர் என்னுடையது. புதுசு.
சொம்பு அளவு உடம்பு,
கல்யாண மண்டப அளவு குரல்.
பையில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால்
கூடைக்குக் கூடை என்னோடு நடந்து வரும்.

முதல் கூடையிலேயே டேனிஸ் ஆரம்பித்தான்:
"அக்கா, வீசறப்போ பாட்டு போடக்கூடாது. மரியாதை."

மரியாதையா? இந்த ஊரிலா?
ஆடிக் கூழுக்குப் பத்து நாள் குழாய் கட்டினார்களே,
என்னைக் கேட்டா கட்டினார்கள்?
உன் தெருவில் டிசம்பர் பிறந்தால்
ஒரு ராத்திரியாவது ராத்திரியாக இருக்கிறதா?
வார்டு கூட்டம், காதுகுத்து, மஞ்சள் நீர்,
மூன்றாம் மாடியில் ட்ரில் போடுகிறவன்,
எவன் என் தூக்கத்திடம்
அனுமதி வாங்கினான்?
வாரம் ஆறு நாள் யார்டு வாசலில்
கன்டெய்னர் நம்பர் எழுதுகிறேன்,
லாரி ஹாரனுக்கு நடுவே சோறு தின்கிறேன்.
ஏழாம் நாள் என் சத்தத்தை
நானே பொறுக்கிக்கொள்கிறேன்.
இதில் உனக்கென்ன?

டேனிஸ் வாயை மூடிக்கொண்டான்.
வாதத்தில் ஜெயித்த வேகத்தில் நான் வீசியது
முள்புதரில் போய் விழுந்தது.

எத்திராஜ் எதுவும் சொல்லவில்லை.
பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம்.
இடது காது எப்போதோ போய்விட்டது.
வலது காதில் ஒரு கொசு குடியிருக்கிறது என்பார்,
வாடகை தராத கொசு.
வெயில் சாய்ந்தால் கண்ணும் சுமார்தான்.
வீசுவார்,
வலது காதைக் கூடைப் பக்கம் திருப்புவார்,
பிறகு கேட்பார்:
"விழுந்துச்சா?"

மூன்றாவது கூடையில் கேட்டார்.
நான்காவதில் கேட்டார்.
ஐந்தாவதில் கேட்டபோது
பௌசியா நிமிர்ந்து பார்த்தாள்,
கூடையை இல்லை, அவரை இல்லை,
என் பையை.

போன மாதம் வரை
அவர் இதைக் கேட்டதே இல்லை.
செயின் சொல்லிவிடும்.

இரண்டு புள்ளி குறைத்தேன்.
நிறுத்தவில்லை, டேனிஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆறாவதில் இன்னும் இரண்டு.
ஏழாவதில் கூட்ஸ் வண்டி வந்தது,
நிலக்கரி, ஐம்பத்தெட்டு வேகன்,
எண்ணாமல் இருக்க முடிவதில்லை, தொழில் பழக்கம்.
அது போகும்வரை
தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.
வண்டிக்கு யார் மரியாதை சொல்லித்தர முடியும்.
அந்த இரைச்சலுக்குள் கையை விட்டு
பட்டனை அமுக்கினேன்.
கடைசி வேகனில் ஏறி
பாட்டு அத்திப்பட்டு பக்கம் போய்விட்டது
என்றுதான் எல்லோரும் நினைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது கூடை. எத்திராஜ் முறை.
நாற்பது அடி.
கடலிலிருந்து எதிர்க்காற்று, கருவாட்டு வாசனையோடு.
போட்டால் ஆட்டம் அவருடையது.
முழங்காலை மடக்கி வீசினார்.
காதைத் திருப்பினார்.
எங்களுக்கே தெரியாமல்
நாங்களும் திருப்பியிருந்தோம்.

செயின் பேசவில்லை.
மூடி மண்ணை உரசி நின்றது கேட்டது.
தூரத்து லாரித் தண்ணீர்
யாரோ ஒருத்தியின் குடத்தில்
கழுத்துவரை ஏறுவது கேட்டது.
இவ்வளவு சுத்தமாக ஒரு தோல்வியை
நான் கேட்டதே இல்லை.

விழுந்துச்சா என்று எத்திராஜ் கேட்கவில்லை.
மெதுவாக நடந்து வந்து
என் பையைத் தட்டினார்.

"போடும்மா பாட்டை.
பாட்டாலதான் மிஸ் ஆச்சுன்னு சொல்லிக்க
ஒரு சாக்காவது இருந்துச்சு."