சிவப்புக் குழாய்

ஜூன் பிறந்துவிட்டால் மெஹபுலாவில்
நீலக் குழாயைத் திறக்காதே.
மொட்டைமாடித் தொட்டியில் வெந்தது அதில் வரும்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
சிவப்பைத் திற.
அணைந்த ஹீட்டரின் வயிற்றில்
அறையின் குளிரில் கிடந்து ஆறியதுதான்
இங்கே தண்ணீர்.

சொன்னவன் ரொமெல்.
நாங்கள் குளிக்கச் சொல்லவில்லை,
மீனுக்குச் சொன்னான்.

அவன் விசா முடிந்து செபு போனபோது
கண்ணாடித் தொட்டி ஒன்றும்
ஐந்து கெளுத்திக் குஞ்சுகளும்
என் கட்டிலோரம் வந்து சேர்ந்தன.
குஞ்சுகள் என்று நான்தான் நினைத்தேன்.
கட்டைவிரல் நீளம், அதற்குமேல் வளராதாம்.
பெயர் கோரிடோரஸ்.
"எத்தனை போட்டா ஒரு குழம்பு?"
என்றார் ஷானவாஸ்,
பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனார்.

பைப்லைனில் பிரஷர் டெஸ்ட் பார்ப்பவன் நான்.
எதைக் கண்டாலும்
இது எத்தனை பார் தாங்கும் என்று கேட்கும் கண்.
பக்கத்துக்கு இரண்டு வரிசை,
ஓடு வேய்ந்ததுபோல் எலும்புக் கவசம்.
தாங்கும் என்று எழுதிக்கொண்டேன்.

தாங்காதது மீசை.
தரையைத் தடவித் தடவி இரை தேடும் மீசை
கூர்க்கல்லில் தேய்ந்து
ஒன்றுக்கு மழுங்கச் சிரைத்த மாதிரி இருந்தது.
மணல் வேண்டும்.
ஜன்னல் இடுக்கில், தலையணையில், பல்லிடுக்கில் இருக்கிற மணல் ஆகாது,
உப்பு.
அல்-ராய் வெள்ளிச் சந்தையில்
கிலோ எழுநூறு ஃபில்ஸுக்கு
பாலைவனத்தில் மணல் வாங்கியவன் நான்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
அரிசி களைவதுபோல் எட்டுத் தண்ணீர்.

கூடவே ஆறாவது மீன்.
ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு மூலையில் கிடக்கும்
என்பது ரொமெலின் சட்டம்.
எங்கள் அறையிலும் ஆறு பேர்.

வருவேலுக்கு மட்டும் பிடிக்கவில்லை.
இரவெல்லாம் கிரேன் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குபவர்.
"உன் பம்ப் என் மண்டைக்குள்ள ஓடுதுடா."
துணி சுற்றி வைத்தேன்.
அப்புறமும் ஓடியது.

ஜூலையில் ஒரு நாள் ஏசி செத்தது.
ஆள் காலையில்தான் வருவான்.
ஷானவாஸின் பிக்-அப்பில் ஏசி போட்டு
நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்து தூங்கப் போனார்கள்.
நான் போகவில்லை.
முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று.
ஒவ்வொன்றாய்ச் செங்குத்தாக மேலேறி
ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு
விழுந்தடித்துக் கீழே வந்தன.
குடலாலும் மூச்சுவிடுமாம்.
காலண்டர் அட்டையால் நீருக்கு விசிறினேன்,
எனக்கு விசிற மூன்றாவது கை இல்லை.

இரண்டு மணிக்குக் கதவு.
வருவேல். டூட்டி நடுவில்.
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
சைட் கேன்டீனிலிருந்து
கல்லாய் உறைந்த லபான் பாட்டில் மூன்று.
"மிதக்க விடு," என்றார். போய்விட்டார்.
பாட்டில்கள் மிதந்தன.
சிவப்புக் குழாயிலிருந்து ஒரு வாளியும் ஊற்றினேன்.
இருபத்தாறு என்று முள் இறங்கியபோது
விசிறியபடியே தூங்கியிருக்கிறேன்.

விடிந்து பார்த்தால்
மீசை மழுங்கிய அதே மீன்,
வயிற்றுத் துடுப்புகளைக் கூப்பிய கையாய்ச் சேர்த்து
நடுவே இரண்டு முட்டைகளை ஏந்திக்கொண்டு
கண்ணாடியில் இடம் தேடுகிறது.
ஏற்கெனவே ஒட்டியவை முப்பத்தெட்டு,
ஜவ்வரிசி மாதிரி.

சட்டென்று நீர் குளிர்ந்தால் அவற்றுக்கு
எங்கோ மழை, ஆறு பெருகுகிறது.
மோர் பாட்டிலில் வந்த மழை என்று
யார் சொல்வது?

ரொமெலுக்குப் படம் அனுப்பினேன்.
குரல் செய்தி வந்தது:
விளக்கை அணை. வெள்ளையாவதை எடுத்துப் போடு.
எண்ணிக்கொண்டே இருக்காதே.

எண்ணுவது நானில்லை.
வேலை முடிந்து வந்த வருவேல்
டார்ச்சை விரல்களால் மூடி
கசியும் சிவப்பு வெளிச்சத்தில்
உதடசைத்து எண்ணுகிறார்.
முப்பத்தொன்று தேறும் என்கிறார்.
பம்ப்பைச் சுற்றிய துணியை அவிழ்த்து,
"அதுக்கு மூச்சு முட்டும்ல" என்கிறார்.

குளியலறைக் கதவில்
அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறேன், என் கையெழுத்து, அவர் வாசகம்:
சிவப்பைத் தொடாதே.
இந்த வாரம் எல்லாரும்
நீலத்தில் வெந்துகொள்ளவும்.