அடைப்பு

சீகை பூத்த வாரம்
கோத்தகிரி முழுக்க மஞ்சள்.
நிரோஷன் போட்ட தும்மலை
பதினொன்றுக்கு மேல் நான் எண்ணவில்லை.

மூன்றாம் ராத்திரி அழுது அழுது,
விடியும்போது வலி போயிடுச்சு என்றான்.
தலையணையில் சீழ்.

டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
மூக்குக்கும் காதுக்கும் நடுவே ஒரு சந்து.
தூள் பட்டு வீங்கினால் சாத்திக்கொள்ளும்,
தேங்கின நீர் உள்ளேயே கெடும்.
போன வருஷமும் இதே மாசம்தானே, என்றார்.

டீச்சர் நோட்டில் எழுதியது:
'கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிர்.'
அதைப் படித்துவிட்டு
நானும் ஒரு அறை விட்டிருக்கிறேன்.
எந்தப் பக்கக் கன்னம்?

கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு இறங்குகிற பஸ்.
கொண்டை ஊசி வளைவில்
எல்லோர் காதும் டப்பென்று விட்டது.
எச்சில் முழுங்குடா என்றேன்.
என் உதட்டையே பார்த்தான்.

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.
முழுங்கினான்.